நாய், பூனைகளின் நாள்பட்ட மூட்டு வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்டநாள் வலியுள்ள நாய்களுக்கும் பூனைகளுக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் இடத்தில் பணியாற்றும் எவருக்கும், ஷாக்வேவ் என்ற பெயரைச் சொன்ன அடுத்த நொடியில் எழும் கேள்விகள் மனப்பாடமாகிவிடும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னர் சொன்னதைப் பின்னர் திரும்பச் சொல்லவில்லை. தேவையான இடங்களில் முந்தைய விடையைச் சுட்டியிருக்கிறேன்.

ஷாக் என்றால் கரண்ட் ஷாக்தானே டாக்டர்? பத்து வயது நாய் அதை எப்படித் தாங்கும்?

மின்சாரம் எதுவும் விலங்கின் உடலுக்குள் செல்வதில்லை. ஷாக்வேவ் என்பது மிகுந்த ஆற்றல் கொண்ட ஒலியலை. அதன் அழுத்தம் நானோவினாடிகளுக்குள் உச்சத்தைத் தொட்டு, உடனே சுழியத்திற்கும் கீழே இறங்கி மறைகிறது. உடலுக்கு வெளியே கருவியின் முனையில் உருவாகும் இந்த அலை, ஜெல் தடவிய தோலின் வழியாக உள்ளே செல்கிறது. தோலும் தசையும் பெரும்பாலும் நீராலானவை என்பதால் அவற்றைக் கடக்கும்போது அலை அதிகம் வலுவிழப்பதில்லை; தசைநாண் எலும்போடு சேரும் இடம், மூட்டுறை போன்று திசுவின் அடர்த்தி மாறும் எல்லைகளில்தான் அது தன் ஆற்றலை விடுவிக்கிறது.

கிட்னிக் கல்லை உடைக்கும் மெஷினும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்களே, எலும்பு நொறுங்கிவிடாதா?

வேர் ஒன்றுதான். 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில், டார்னியர் என்ற விமான நிறுவனம் உருவாக்கிய கருவியைக் கொண்டு, மனிதரின் சிறுநீரகக் கல் முதன்முறையாக உடலைத் திறக்காமலேயே உடைக்கப்பட்டது. அந்த அலைகள் எலும்பில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தபோது, எலும்பு புதிதாக வளரத் தூண்டப்படுவது தெரியவந்தது. அதன் பின்னர், ஒட்டாமல் நின்ற எலும்பு முறிவுகளுக்கும் குதிகால் வலிக்கும் இது பயன்பட்டது. 1990-களில் ஜெர்மனியில் குதிரைகளின் கால் நார்க் காயங்களுக்கு வந்து, அங்கிருந்து நாய்களுக்கு வந்தது.

மூட்டுச் சிகிச்சையில் பயன்படும் ஆற்றல் கல்லை உடைப்பதற்கானது அன்று. ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை மில்லிஜூல் ஆற்றல் விழுகிறது என்பதே இதன் அளவுகோல், 0.08-க்குக் கீழே குறைந்த ஆற்றல் என்றும், 0.28 வரை நடுத்தர ஆற்றல் என்றும், அதற்கு மேல் உயர் ஆற்றல் என்றும் வகுப்பது வழக்கம். கல் உயிரற்றது, நொறுங்கும் தன்மையது. உயிருள்ள திசுவோ இந்த அளவிலான அழுத்தத்தை ஒரு தூண்டுதலாக எடுத்துக்கொண்டு அதற்கு மறுவினையாற்றுகிறது.

சரி, உள்ளே போய் அது என்னதான் செய்கிறது?

இரண்டு விளைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் பல குழப்பங்கள் இவற்றைக் கலப்பதால் விளைபவை. முதலாவது, வலி குறைதல். அலை பட்ட இடத்தில் உணர்வு நரம்புகளின் கடத்தும் திறன் சில நாள்களுக்குத் தாழ்கிறது. வலியைக் கடத்தும் சில வேதிப்பொருள்களின் அளவும் குறைகிறது. இது விரைவில் தெரியும், விரைவில் மங்கவும் கூடும்.

இரண்டாவது, திசு சீரமைதல். செல்கள் தம்மீது விழுந்த அழுத்தத்தை வேதிச் சமிக்ஞைகளாக மாற்றுகின்றன. நைட்ரிக் ஆக்சைடும், புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணிகளும், எலும்பை வளர்க்கும் புரதங்களும் அதிகமாகச் சுரக்கின்றன. இரத்த ஓட்டம் குறைவான தசைநாண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இதற்கு வாரங்கள் ஆகும்.

அப்படியானால் தேய்ந்த மூட்டு பழையபடி ஆகிவிடுமா?

ஆகாது. இழந்த குருத்தெலும்பை ஷாக்வேவ் மீண்டும் வளர்த்துத் தருவதில்லை. ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் எலும்பு முட்கள் அப்படியேதான் இருக்கும். ஆனால் குருத்தெலும்பில் வலி நரம்புகளே இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வலிப்பவை மூட்டுறையும், அதன் உட்சவ்வும், குருத்தெலும்பிற்கு அடியிலுள்ள எலும்பும், வலியைத் தவிர்க்க முயன்று இறுகிப்போன சுற்றுத் தசைகளும்தான். அவை அமைதியடைந்தால், படம் மாறாமலேயே நாய் எளிதாக எழுந்து நடக்கும். நாம் நாடுவது அந்த நடையைத்தான்.

எந்தெந்தப் பிரச்சினைக்கெல்லாம் இதைக் கொடுப்பார்கள்?

இடுப்பு, முன்கால் முழங்கை, பின்கால் முழங்கால் ஆகிய மூட்டுகளின் தேய்மானத்திற்கே அதிகமாகப் பயன்படுகிறது. லாப்ரடார், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பும் முழங்கையும் நடுவயதில் தேய்மானமாக முற்றுவது வழக்கமான கதை. தோள்பட்டையின் தசைநாண் காயங்கள், இடுப்புக்குள் ஓடும் தசையின் இழுவைக் காயம், இடுப்பும் வாலும் சேருமிடத்து முதுகு வலி, மெதுவாக ஒட்டும் எலும்பு முறிவு, முழங்கால் நார் அறுந்ததற்காகச் செய்யும் டி.பி.எல்.ஓ. அறுவைக்குப் பின் முட்டிச் சில்லின் கீழுள்ள நார் தடித்துப்போதல் ஆகியவற்றிலும் கொடுக்கப்படுகிறது.

இவற்றுள் தோள்பட்டைத் தசைநாண் காயங்களில்தான் இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. அங்கே மருந்து எளிதில் சென்று சேர்வதில்லை. ஓய்வு மட்டும் போதுவதும் இல்லை.

எங்க பையன் மூணு மாசமா நொண்டுறான். நேரா ஷாக்வேவ் கொடுத்துடலாமே, எக்ஸ்ரே எதுக்கு?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாயின் இதைப் படியுங்கள். நொண்டுதல் நோயின் அறிகுறி மட்டுமே. நடுவயதைக் கடந்த பெரிய நாயில், மணிக்கட்டுக்கு அருகிலோ, தோளுக்கு அருகிலோ, முழங்காலைச் சுற்றியோ எலும்புப் புற்றுநோய் வந்திருக்கலாம். தொடக்கத்தில் அது சாதாரணச் சுளுக்கைப் போலவே தோன்றும். கட்டியின் மீது இந்த அலையைச் செலுத்தவே கூடாது. பின்கால் நொண்டுதலுக்கு முழங்காலின் குறுக்கு நார் அறுந்ததே பல வேளைகளில் காரணம். மூட்டு தளர்ந்து ஆடும்போது, அதை நிலைப்படுத்தாமல் வலியை மட்டும் குறைப்பது தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலில் மூட்டுகள் வீங்கி, இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று மாறிமாறி நொண்டும். அதே நோயில் பிளேட்லெட் எண்ணிக்கையும் சரிந்திருக்கும் என்பதால், அந்த நிலையில் ஷாக்வேவ் கொடுத்தால் திசுவுக்குள் இரத்தம் கசியலாம். ஆகவே கையால் தொட்டு ஒவ்வொரு மூட்டாக ஆராய்வதும், எக்ஸ்ரேயும், இரத்தப் பரிசோதனையும், தசைநாண் காயம் என்று ஐயமிருந்தால் அல்ட்ராசவுண்டும் முடிந்த பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். எந்தத் திசுவைக் குறிவைக்கிறோம் என்று சொல்ல முடியாத ஒருவர், இந்தக் கருவியை வைத்திருந்தும் பயனில்லை.

ஒரு இடத்தில் ஃபோகஸ்டு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ரேடியல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஃபோகஸ்டு எனப்படும் குவி அலைக் கருவியில் அலை ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு சிறு பகுதியில் ஒன்றுசேர்கிறது. மேலே தோலில் ஆற்றல் குறைவாகவும் குறியில் மிகுதியாகவும் இருக்கும். நீருக்குள் மின்பொறி எழுப்பியோ, மின்காந்தச் சுருளாலோ, அழுத்த மின் படிகங்களாலோ அலை உருவாக்கப்படும். ரேடியல் கருவியிலோ, அழுத்தக் காற்றால் உந்தப்படும் ஒரு சிறு உலோகத் துண்டு கருவியின் முனையில் மோதுகிறது. குளத்தில் கல் விழுந்தாற்போல் அங்கிருந்து அழுத்தம் பரவி, ஆழம் கூடக்கூட வலுவிழக்கிறது. அதன் ஏற்றம் நானோவினாடிகளில் அல்லாமல் மைக்ரோவினாடிகளில் நிகழ்வதால், இயற்பியல் நோக்கில் அதை அதிர்வலை (ஷாக்வேவ்) என்பதைவிட அழுத்த அலை என்பதே பொருந்தும்.

தோலுக்கு அருகிலுள்ள தசைநாண்களுக்கும் இறுகிய தசைகளுக்கும் ரேடியல் போதுமானது. ஆழத்திலுள்ள மூட்டுக்குக் குவி அலை ஏற்றது என்பது பொது விதி. ஆனாலும் இடுப்பு மூட்டுத் தேய்மானமுள்ள நாய்களுக்கு ரேடியல் கருவியைப் பயன்படுத்திய ஆய்வுகளிலும் நடையில் முன்னேற்றம் பதிவாகியுள்ளது. எனவே ரேடியல் என்றாலே வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை; எந்த வகை, எந்த ஆழத்திற்கு, என்ன காரணத்தால் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

வலிக்குமா? மயக்க ஊசி கட்டாயமா?

நோயுற்ற திசுவில் அலை படும்போது வலி இருக்கும். மின்பொறிக் கருவிகள் ஒவ்வொரு துடிப்பிலும் பட்டாசு வெடித்தாற்போல் ஓசையும் எழுப்பும். அசையாமல் இருக்கவேண்டிய நேரத்தில் நாய் திடுக்கிட்டு நகர்ந்தால் குறி தவறிவிடும். அதனால் அத்தகைய கருவிகளுக்கு லேசான மயக்கமும் வலிநிவாரணமும் கொடுப்பதே முறை. அழுத்த மின் படிகக் கருவிகளும் ரேடியல் கருவிகளும் பெரும்பாலும் மயக்கமின்றியே இயலும்.

மயக்கம் தருவதானால் முதல் நாள் இரவுக்குப் பின் உணவு வேண்டாம் என்று சொல்வார்கள். முதிய விலங்குகளுக்குச் சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டே மயக்கம் தரப்படும். அந்த இடத்தின் முடியை மழித்து ஜெல் தடவுவார்கள், ஏனெனில் முடிக்கிடையே சிக்கிய காற்று அலையைத் தடுத்துவிடும். ஒரு மூட்டுக்குப் பொதுவாக 500 முதல் 1000 துடிப்புகள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

எத்தனை சிட்டிங்? எப்போது பலன் தெரியும்? எவ்வளவு நாள் நிற்கும்?

குவி அலையானால் 2 அல்லது 3 முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 2 முதல் 3 வாரங்கள். ரேடியலானால் வாரம் ஒன்றாக மூன்றோ அதற்குச் சற்று மேலோ. முழுப் பலனைக் கடைசி முறைக்குப் பிறகு 4 முதல் 6 வாரங்கள் கழித்தே மதிப்பிட வேண்டும். தசைநாண் காயம் ஆறிவிட்டால் மறுபடி தேவைப்படாமலே போகலாம். மூட்டுத் தேய்மானம் அப்படிப்பட்டதன்று. சில மாதங்களோ ஓராண்டோ கழித்து வலி திரும்பும்போது ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

முதல் நாள் கொடுத்தவுடன் குதிச்சு ஓடினா. நாலு நாள்ல மறுபடி நொண்டுறா. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றம் எதுவும் இல்லை. உள்ளே என்ன நிகழ்கிறது என்ற கேள்வியில் சொன்ன முதல் விளைவு மங்கி, இரண்டாவது விளைவு இன்னும் தொடங்காத இடைவெளி இது. இந்த இடைவெளியில்தான் ஆபத்தும் இருக்கிறது. வலி மறைந்த நாய், ஆறாத தசைநாணின் மீது முழு எடையையும் போட்டு ஓடினால் காயம் பெரிதாகும். இந்த மரப்பு விளைவு உண்மையானது என்பதாலேயே, குதிரை விளையாட்டுகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு, போட்டிக்கு முந்தைய 5 நாள்களில் குதிரைகளுக்கு இச்சிகிச்சையைத் தடை செய்திருக்கிறது.

ஆகவே சிகிச்சைக் காலம் முழுவதும் கயிற்றில் பிடித்த, அளவான நடைதான். மாடிப்படி, சோபாவில் தாவுதல், பந்து எறிந்து விளையாடுதல் ஆகியவை வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் அல்லது ரப்பர் விரிப்புப் போடுவது சிறிய செயல்தான், ஆனால் அதன் பயன் பெரிது.

பக்கவிளைவுகள்?

தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள், லேசான கன்றல், ஓரிரு நாள் வலி கூடியதுபோல் தோன்றுதல். இவை தாமாகவே மறையும். மூன்று நாளைக்கு மேல் நொண்டுதல் முன்னைவிட அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

யாருக்கெல்லாம் கொடுக்கவே கூடாது?

குறிவைக்கும் இடத்தில் புற்றுநோயோ தொற்றோ உள்ளவை, இரத்தம் உறையாத கோளாறுள்ளவை, சினையாக இருப்பவை. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாத குட்டிகளுக்கும் தவிர்க்க வேண்டும். நுரையீரல், குடல் போன்று காற்று நிறைந்த உறுப்புகளின் திசையில் அலை செல்லக் கூடாது. திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஆற்றல் முழுவதும் விடுபட்டுத் திசுவைக் கிழித்துவிடும். தோள்பட்டைக்குக் கொடுக்கும்போது மார்புக்கூடு அருகிலேயே இருப்பதால், முனையைப் பிடிக்கும் கோணத்தில் மிகுந்த கவனம் தேவை. முதுகு வலியோடு பின்கால்கள் பின்னிக்கொண்டாலோ, பாதம் மடிந்து இழுபட்டாலோ, அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி; அந்த விலங்கை முதலில் நரம்பு நோய்க்கான ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

காலில் பிளேட் வைத்திருக்கிறது. பரவாயில்லையா?

எலும்புத் தகடும் திருகும் தடையல்ல, டி.பி.எல்.ஓ. அறுவை செய்த கால்களுக்கே இச்சிகிச்சை தரப்படுகிறது என்று முன்னர் பார்த்தோம். உலோகம் அலையைத் திருப்பிவிடும் என்பதால், குறி தகட்டின் பின்னால் மறைந்திருந்தால் வேறு பக்கத்திலிருந்து செலுத்துவார்கள். செயற்கை மூட்டு பொருத்தியிருந்தால் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

பூனைக்கும் உண்டா? எங்கள் பூனை நொண்டவே இல்லையே, சும்மா படுத்துத்தான் கிடக்கிறது.

பூனைகள் நொண்டிக் காட்டுவது அரிது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த பூனைகளில் 90 விழுக்காட்டுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுச் சிதைவு தெரிந்தது. ஆனால் வீட்டில் நாம் பார்ப்பது வேறு: அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திவிடும், ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இரண்டு தாவலில் ஏறும், முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்யாததால் முடி சிக்குப்பிடிக்கும், மலத்தொட்டியின் விளிம்பைத் தாண்ட முடியாமல் வெளியே போய்விடும். இவற்றை முதுமை என்று தள்ளிவிடுவது பூனைக்குச் செய்யும் அநீதி.

ஷாக்வேவைப் பூனைகளுக்கும் கொடுக்கலாம். ஆற்றலையும் துடிப்புகளையும் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் ஓசையையும் பயணத்தையும் பூனை தாங்கிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நாய்களைவிடப் பூனைகளில் ஆய்வுகளும் குறைவு. பூனைக்கு நான் இதை முதல் தெரிவாகச் சொல்வதில்லை. வலி மருந்தும், தாழ்ந்த விளிம்புள்ள தொட்டியும், ஏறுவதற்குச் சிறு படியும் அதற்கு முன்னே வருகின்றன.

ஷாக்வேவ் ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? அவசரத்துக்கு வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கார்புரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளும் விலங்குக்கு, முன்னேற்றம் உறுதியான பிறகு மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மருந்தின் தேவை குறைவதே இச்சிகிச்சையின் நல்ல பயன்களுள் ஒன்று, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்த முதிய நாய்களுக்கு.

இரண்டாவது கேள்விக்கு விடை: வேண்டவே வேண்டாம். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அரை மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவை நாயின் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

லேசர், நீருக்குள் நடக்க வைப்பது, மாத ஊசி என்று எத்தனையோ இருக்கின்றன. இதற்கு என்ன தனிச் சிறப்பு?

அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. லேசர் ஒளியைப் பயன்படுத்துகிறது. வலியில்லை, மயக்கம் வேண்டாம், ஆனால் அடிக்கடி வர வேண்டும். ஷாக்வேவுக்கு வருகைகள் குறைவு, ஒவ்வொரு வருகையும் கடினமானது. நாய்களுக்கான பெடின்வெட்மாப், பூனைகளுக்கான ஃப்ரூனெவெட்மாப் ஆகிய மாத ஊசிகள் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து உடல் முழுவதுமுள்ள தேய்மான வலியைக் குறைக்கின்றன; பல மூட்டுகள் ஒருசேர வலித்தால் அந்த வழியும், ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வலித்தால் ஷாக்வேவும் பொருத்தம் என்று சொல்லலாம். தசையை மீட்டெடுப்பது மட்டும் இவை எதனாலும் ஆகாது. அதற்கு உடற்பயிற்சிதான் வேண்டும். வலி குறைந்திருக்கும் வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால், ஷாக்வேவுக்குச் செலவழித்ததில் பாதி வீண்.

நிஜமாகவே பலன் இருக்கிறதா, அல்லது காசு கொடுத்ததால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா?

நல்ல கேள்வி. நாயின் ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று அளக்கும் விசைத்தட்டைப் பயன்படுத்திய ஆய்வுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது, சிலவற்றில் வேறுபாடு சிறியது. பெரும்பாலானவை குறைந்த எண்ணிக்கையிலான நாய்களைக் கொண்டவை. கருவியும் ஆற்றலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. பயனுண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இருக்கிறது. எல்லா நாய்க்கும் பயன்படும் என்று சொல்ல இல்லை.

நம் கண் ஏமாறுவதும் உண்மைதான். வெறும் பொய் மாத்திரை பெற்ற நாய்களுக்கும் வலி குறைந்ததாக உரிமையாளர்களும், மருத்துவர்களுமே கூட, மதிப்பிட்டது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அதனால் சிகிச்சைக்கு முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்: காலையில் படுக்கையிலிருந்து எழுவது, ஒரே இடத்தில் நேராக நடந்து போய்த் திரும்புவது, வழக்கமான படியில் ஏறுவது. ஆறு வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி எடுத்து, சிகிச்சையைப் பற்றி அறியாத ஒருவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். எதற்கு முதலில் செலவு செய்வது?

முதலில் நோயைக் கண்டறிவதற்கு. அடுத்து முறையான வலி மருந்துக்கு. எடை குறைப்புக்குப் பணமே வேண்டாம்: பருமனான, நொண்டும் நாய்களில் உடல் எடையில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்தபோதே நடை மேம்பட்டது 2010-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. 40 கிலோ லாப்ரடாருக்கு அது இரண்டரைக் கிலோதான். சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கடியில் கொடுக்கும் தோசைத் துண்டையும் பிஸ்கட்டையும் வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து நிறுத்தினால் அது நடக்கும். இவை மூன்றையும் செய்த பிறகும் வலி மிச்சமிருந்து, அது ஓரிரு இடங்களில் குவிந்திருந்தால், ஷாக்வேவுக்குச் செலவழிப்பது தகும்.

மூன்று சிட்டிங் முடிந்தும் மாற்றமே இல்லை. இன்னும் மூன்று எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

மேலே சொன்ன படங்களில் வேறுபாடு தெரியவில்லையென்றால் எடுக்க வேண்டாம். முழு முறையும் முடிந்து ஆறு வாரம் ஆகியும் பயனில்லையென்றால், துடிப்புகளைக் கூட்டுவதைவிட நோயறிதலைத் திரும்பப் பார்ப்பதே சரி: குறிவைத்த இடம் தவறா, அதே காலில் இரண்டாவது காயம் உண்டா, முதுகிலிருந்து வரும் வலியைக் காலின் வலி என்று எண்ணிவிட்டோமா என்று. சிகிச்சைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எந்தத் திசு, எத்தனை துடிப்பு, எவ்வளவு ஆற்றல் என்று எழுதியிருப்பார்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கால்நடை எலும்பு அறுவை வல்லுநர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.